வெர்டெல் இடித்த சுவர்

மார்ச் மாதத்து இரண்டாம் செவ்வாய்க்கிழமை காலை, ஈரத்துணிக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு படியிறங்கிய வெர்டெல் டன்ஸ்டல், கொடிக்கயிறு கட்டியிருந்த அத்திமரத்தைக் காணாமல் நின்றாள். மரத்தோடு வேலியும் போயிருந்தது. வேலியோரம் அவள் நட்டிருந்த வெங்காயப் பாத்தியும் இல்லை. வீட்டுக்கு முன்னால் புல்தரை கொஞ்ச தூரம் போய், கத்தியால் வெட்டிய ரொட்டி மாதிரி நேராக முடிந்தது. அதற்கு அப்பால் வானம்தான். இருநூறு அடி கீழே மிசிசிப்பி, மழையால் பெருத்து, மர மிச்சங்களை இழுத்துக்கொண்டு சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

கூடையை இறக்கி வைத்துவிட்டு, வீட்டுச் சுவரிலிருந்து விளிம்பு நோக்கி அடிமேல் அடி வைத்து எண்ணிக்கொண்டு போனாள். இருபத்தாறு. கிறிஸ்துமஸுக்கு அது நாற்பதாக இருந்தது.

மாடியில் ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்த புருஷன் லூஷியஸ் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். அவள் மேலே வந்ததும், பக்கவாதத்தில் ஒரு பக்கம் இழுத்துக்கொண்ட வாயால் மெதுவாகச் சொன்னான்.

"விடியறப்பவே போயிடுச்சு டெல். சத்தமே இல்ல. குனிஞ்சு வணக்கம் சொல்ற மாதிரி சாஞ்சுது, அவ்வளவுதான்."

"என்னை எழுப்பியிருக்கலாம்ல?"

"எழுப்பி? நீ போய் மரத்தைப் புடிச்சு இழுத்திருப்பியா? இழுத்தாலும் இழுப்ப, உன்னை நம்ப முடியாது."

அவள் சிரிக்கவில்லை. சிக்கரி காப்பியைக் கலந்து அவன் இடது கையில் கொடுத்துவிட்டு, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். தரை ஆடுகிறதா என்று அவள் கால்கள் கவனித்துக்கொண்டிருந்தன.

ஆஷ்பி லேண்டிங் என்ற அந்த ஊர் கரைமேட்டின் மேல் இருந்தது. மேட்டின் மண் மஞ்சள் மண். காய்ந்தால் சுவராக நிற்கும், நனைந்தால் சர்க்கரையாகக் கரையும். வெர்டெல் பிறந்த வருஷம் அவள் வீட்டுக்கும் ஆற்றுக்கும் நடுவே ஒரு தெருவே இருந்தது. அதில் ஒரு சலூனும் இரண்டு கடைகளும் ஒரு குதிரைலாயமும் இருந்தன. அவளுக்கு ஒன்பது வயதில் லாயம் போனது, கல்யாணமான வருஷம் கடைகள் போயின. கடைசியாகத் தெருவே போனது. வீடு முன்வரிசைக்கு வந்துவிட்டது என்று லூஷியஸ் அப்போது பீற்றிக்கொள்வான்.

வீட்டைக் கட்டியவர் வெர்டெலின் பாட்டனாரின் அப்பா, சைரஸ் லவ்லேஸ். அடிமையாக இருந்தபோது பக்கத்திலிருக்கும் ஆர்மிட்டேஜ் மாளிகைக்குச் செங்கல் சுட்டவர். நான்கு ஆள் கட்டிப்பிடித்தாலும் எட்டாத நான்கு உருண்டைத் தூண்கள் அந்த மாளிகைக்கு. பார்ப்பவர்கள் பளிங்கு என்பார்கள். உள்ளே இருப்பது சைரஸின் செங்கல், மேலே வெள்ளைப் பூச்சு. விடுதலை வந்த பிறகு, மீந்த காலத்தில் தனக்கென்று சுட்டுச் சேர்த்த கல்லில் இந்த வீட்டின் கீழ்த்தளத்தை, ஆள் குனிந்து நுழையும் உயரத்துக்கு, எழுப்பினார். ஒரு கல் நீளவாக்கில், ஒரு கல் குறுக்குவாக்கில், மயிரிழை மாதிரிச் சுண்ணாம்புக் கோடு விட்டு. அதன் மேல் சைப்ரஸ் பலகையில் இரண்டு அறையும் நடுக்கூடமும். ஆற்றைப் பார்த்து ஒரு முன்தாழ்வாரம், அதைத் தாங்கும் ஆறு ஒல்லிச் சதுரக் கால்கள், வெளிப்பக்கம் ஏறும் படி. பூச்சு எதுவும் பூசவில்லை. செங்கல் செங்கலாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

வெர்டெல் இருபத்தேழு வருஷம் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவள். கொதிக்கும் தண்ணீரிலும் சோடாவிலும் ஊறி ஊறி அவள் விரல்ரேகைகள் மழுங்கிப் போயிருந்தன. லூஷியஸ் இழுவைப்படகில் சமையல்காரன். முப்பது நாள் ஆற்றில், முப்பது நாள் வீட்டில். குழந்தை இல்லை. அறுபதாவது வயதில் படகின் அடுப்படியில் விழுந்தவனை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்து மாடியில் விட்டார்கள். அதற்குப் பிறகு இரண்டு வருஷமாக அவன் படி இறங்கவில்லை. ஜன்னல் வழியே போகிற படகுகளின் பெயரைச் சொல்லிக்கொண்டிருப்பான்.

அத்திமரம் போன மறுநாளே வெர்டெல் நகர மன்றத்துக்குப் போனாள். பழைய வீடுகளைப் பாதுகாக்கும் குழுவின் செயலாளர் மிஸஸ் கெச்சம், சாம்பல் நிற முடியைத் தூக்கிக் கட்டிய மரியாதையான வெள்ளைக்காரி. உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, கோப்பு ஒன்றை எடுத்து விரித்தார்.

"உங்க வீடு பட்டியல்ல இரண்டாம் தரத்துல இருக்கு வெர்டெல். ஆர்மிட்டேஜ் வீடு முதல் தரம். அதனால கரை சரியாம இருக்கத் தடுப்புச் சுவர் முதல்ல அங்க போட்டாங்க. அடுத்த கட்டத்துல உங்க பக்கம் வரும்."

"அடுத்த கட்டம் எப்போ மேடம்?"

"மாநிலத்துலேர்ந்து பதில் வரணும். அடுத்த வருஷம் கோடையில இருக்கலாம்."

"அவங்க சுவர் எங்க எல்லையில வந்து முடியுது. மழைத்தண்ணி எல்லாம் அந்தச் சுவரோட ஓடிவந்து, சுவர் முடியற இடத்துல எங்க மண்ணைத்தான் குடையுது. சுவர் போடறதுக்கு முன்னாடி வருஷத்துக்கு ஒரு அடிதான் போகும். இப்ப மூணு மாசத்துல பதினாலு அடி."

மிஸஸ் கெச்சம் அதை எழுதிக்கொண்டார். அவருக்கு எழுதத் தெரிந்த அளவுக்குச் செய்யத் தெரியாது என்பதை வெர்டெல் அந்த நிமிஷத்தில் புரிந்துகொண்டாள்.

சுவர் வராதென்றால் வீட்டை நகர்த்த வேண்டியதுதான். ஆற்றின் அக்கரையில், லூசியானா பக்கம், ஓடிஸ் ப்ரூவெட் என்று ஒருவர் வீடு நகர்த்தும் தொழில் செய்துகொண்டிருந்தார். குட்டை மனிதர், கறுப்பர். மோட்டார்வண்டியின் இருக்கையில் தலையணை போட்டு உட்கார்ந்து ஓட்டுவார். வந்து, வீட்டுக்கு அடியில் தவழ்ந்து, பேனாக்கத்தியால் உத்தரங்களைக் குத்திப் பார்த்து, முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"கீழ இருக்கற செங்கலை நகர்த்த முடியாது சிஸ்டர். மேல இருக்கற மரவீட்டைத் தூக்கிடலாம். சைப்ரஸ் இன்னும் இரும்பு மாதிரி இருக்கு. செங்கல் சுவர்ல நாலு ஓட்டை போட்டு இரும்பு உத்தரத்தை உள்ள விடணும், ஜாக்கி வெச்சுத் தூக்கணும், லாரியில ஏத்தணும். மூணு நாள் வேலை. எங்க கொண்டு போகப் போறீங்க?"

"எங்க சர்ச் சபைக்கு ஆர்ச்சர்ட் தெருவுல காலி மனை இருக்கு. தர்றேன்னுட்டாங்க. உங்க கூலியும் சபை பாத்துக்கும்."

"அப்ப ஒண்ணே ஒண்ணுதான். பட்டியல்ல இருக்கற வீட்டைக் குழு அனுமதி இல்லாம தொட்டா என் லைசென்ஸ் போயிடும். எனக்கு ஏழு ஆள் வேலை செய்யறாங்க. காகிதத்தைக் கொண்டு வாங்க, மறுநாள் காலையில நான் இங்க நிப்பேன்."

விண்ணப்பம் கொடுத்தாள். மூன்று வாரம் வாசலில் அறிவிப்பு ஒட்டி வைக்க வேண்டும் என்பது விதி. ஏப்ரல் முதல் வியாழன் மாலை விசாரணை. வாசலில் ஒட்டிய காகிதம் மழையில் ஊறி விழுந்தது. மறுபடி ஒட்டினாள். விளிம்பு பத்தொன்பது அடிக்கு வந்தது, பிறகு பதினொன்றுக்கு.

அந்த மூன்று வாரமும் அவளுக்கு இன்னொரு போராட்டம் மாடியில் நடந்தது. சபையைச் சேர்ந்த நான்கு பேர் லூஷியஸை நாற்காலியோடு தூக்கி இறக்கிவிடத் தயாராக இருந்தார்கள். அவன் ஒத்துக்கொள்ளவில்லை.

"இறக்கி எங்க வெப்ப?"

"வீடு புது மனையில நிக்கற வரைக்கும் நம்ம சபை சிஸ்டர் ஒராலியா வீட்டுல இருக்கலாம்."

"ஒராலியா வீட்டுக் கதவுல இந்த நாற்காலி நுழையாது. அளந்து பாத்துட்டுதான் நீயும் பேசறியா? டெல், என்னைக் கீழ இறக்கினா நேரா கவுன்ட்டி முதியோர் விடுதிக்குத்தான் கொண்டு போவாங்க. என் அண்ணன் எப்படிச் செத்தான்னு நானும் பாத்தேன், நீயும் பாத்த. மணி அடிச்சு அடிச்சு, ஈரத்துலயே கிடந்து செத்தான்."

"நான் இருக்கேன்ல?"

"உன்னால தனியா என்னைப் புரட்டிக்கூடப் போட முடியல. உன் முதுகு போயி ஆறு மாசமாச்சு. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா?" ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "வீடு போனா நானும் அதோட போறேன். ஆத்துலதான் பொழைச்சேன். ஆத்துக்கே போறேன்."

வெர்டெல் எழுந்தாள். அடுப்படிக்குப் போய் காராமணியைக் கிளறினாள். நீர் வற்றி அது அடிபிடித்த பிறகும் கிளறிக்கொண்டே நின்றாள்.

வியாழக்கிழமை மாலை, ஞாயிற்றுக்கிழமை உடையைப் போட்டுக்கொண்டு விசாரணைக்குப் போனாள். நீள மேஜைக்குப் பின்னால் ஐந்து பேர். நடுவில் தலைவர் மிஸ்டர் லான்ஸ்ஃபோர்ட், ஓய்வுபெற்ற கட்டடக் கலைஞர். அவர் கெட்டவர் அல்ல. வீடுகளை நேசித்தவர். திரையில் வெர்டெல் வீட்டின் படத்தைப் போட்டுக் குச்சியால் காட்டிக் காட்டி அரைமணி நேரம் பேசினார். ஆர்மிட்டேஜ் மாளிகை கிரேக்கக் கோயிலைப் பார்த்துக் கட்டியது, அந்த மாதிரி இந்த ஊரில் பதினேழு இருக்கின்றன என்றார். மேட்டுத் தெருவில் கோபுரமும் மரச் சித்திரவேலையும் உள்ள வீடுகள் முப்பது. ஆனால் இந்த மாதிரி, பிரெஞ்சுக்காரர்களின் மாடி அமைப்பும் ஒரு விடுதலையான மனிதனின் கைவேலையும் சேர்ந்தது, ஒன்றே ஒன்றுதான்.

"மேல இருக்கறது சாதாரண மரவீடு. யாரும் கட்டலாம்," என்றார். "இந்த வீடு பட்டியல்ல இருக்கறதுக்கு ஒரே காரணம் கீழ இருக்கற செங்கல் சுவர். ஊர்லயே இதுக்கு இணை கிடையாது. அந்தச் சுவர் போச்சுன்னா நாளைக்கே பட்டியல்லேர்ந்து எடுத்துட வேண்டியதுதான். அதனாலதான் மிஸஸ் டன்ஸ்டல், சுவரை விட்டுட்டு மாடியை மட்டும் நகர்த்தறதுக்குச் சம்மதிக்க எனக்கு மனசு வரல."

வெர்டெல் எழுந்து நின்றாள். பேசுவதற்கு எழுதி வைத்திருந்த தாள் கைப்பையில் இருந்தது. அதை எடுக்கவில்லை.

"ஐயா, நீங்க சொன்னதெல்லாம் எனக்குப் பெருமைதான். எங்க பெரிய தாத்தாவைப் பத்தி இவ்வளவு நல்லா யாரும் பேசிக் கேட்டதில்ல. ஆனா விளிம்புக்கும் அந்தச் சுவருக்கும் இப்ப பதினோரு அடி இருக்கு. உள்ள என் புருஷன் இருக்காரு. எழுந்து நடக்க மாட்டாரு. படத்துல அவரு தெரியல."

பிறகு ஒரு உறுப்பினர், மண்ணைப் பற்றி ஒரு பொறியாளரின் அறிக்கை வாங்கலாமே என்றார். இன்னொருவர், முழு வரைபடம் எடுத்த பிறகு முடிவு செய்வது நல்லது என்றார். இரண்டு வாரம் ஒத்திவைத்தார்கள். ஐந்து கையும் உயர்ந்தன. மிஸஸ் கெச்சமுக்கு ஓட்டு கிடையாது. அவர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்.

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன. வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் வெர்டெல் ஒரே ஒரு வாக்கியத்தைத்தான் நினைத்துக்கொண்டு வந்தாள். அந்தச் சுவர் போச்சுன்னா நாளைக்கே.

வெள்ளிக்கிழமை காலை, லூஷியஸுக்குச் சோளக்கஞ்சி ஊட்டி, முகம் துடைத்து, நாற்காலியை ஜன்னலுக்குத் தள்ளிவிட்டு, கீழே இறங்கினாள். விறகுக் கொட்டகையிலிருந்து சம்மட்டியையும் உளியையும் எடுத்தாள். ப்ரூவெட் சுண்ணாம்பால் வட்டம் போட்டுக் காட்டியிருந்த இடம் அவளுக்குத் தெரியும். வீட்டுக்குப் பின்னால், தெருப்பக்கச் சுவரின் முன்னால் மண்டியிட்டாள்.

முதல் அடியில் கல் உடையவில்லை. பழைய சுண்ணாம்புக் கலவை மாவாக உதிர்ந்தது. சைரஸ் அந்தச் சுண்ணாம்பை ஆற்றுச் சிப்பியைச் சுட்டுச் செய்தவர் என்று அப்பா சொல்லியிருக்கிறார். இரண்டாவது கோடு, மூன்றாவது கோடு. முதல் கல் அப்படியே முழுசாகக் கழன்று கையோடு வந்தது. அதன் ஒரு மூலையில், ஈரமாக இருந்தபோது பதிந்த நான்கு விரல் தடங்கள் இருந்தன. தன் விரல்களை அவற்றில் வைத்துப் பார்த்தாள். அவருடைய விரல்கள் பெரியவை. அந்தக் கல்லைப் புல்லில் வைத்தாள். அதற்குப் பிறகு கல்லைப் பார்க்காமல் வேலை செய்தாள். அழுகை வந்தபோது அதையும் நிறுத்தவில்லை, உளியையும் நிறுத்தவில்லை.

மேலேயிருந்து லூஷியஸின் குரல் கேட்டது. "டெல், கீழ என்ன பண்ற? வீடே அதிருது."

"எலி ஓட்டுறேன்."

"எவ்வளவு பெரிய எலி அது?"

மறுநாள் மதியத்துக்குள் நான்கு ஓட்டைகள் ஆகியிருந்தன. ஒவ்வொன்றும் ஒரு ஆள் தவழ்ந்து போகிற அளவு. ஐந்தாவதைத் தொடங்கியபோது மிஸஸ் கெச்சமின் கார் வந்து நின்றது. ஆர்மிட்டேஜ் மாளிகையின் தோட்டக்காரன் சொல்லியிருக்க வேண்டும். அவர் இறங்கி, கற்குவியலைப் பார்த்து, வாயில் கையை வைத்துக்கொண்டார்.

"வெர்டெல், என்ன காரியம் பண்றீங்க?"

"பட்டியல்லேர்ந்து வீட்டை எடுக்கறேன் மேடம். மிஸ்டர் லான்ஸ்ஃபோர்ட் எப்படி எடுக்கணும்னு சொல்லிக் கொடுத்தாரே."

"இதுக்கு வழக்குப் போடுவாங்க. தெரியுமா உங்களுக்கு?"

"போடட்டும். கோர்ட் விளிம்புல இல்லையே, உள்ள தள்ளித்தானே இருக்கு."

மிஸஸ் கெச்சம் வீட்டைச் சுற்றி முன்பக்கம் போனார். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் நிறம் இல்லை. காலையில் பெய்த மழைக்குப் பிறகு அங்கே ஆறு அடிதான் இருந்தது. அவர் அதுவரை அந்த விளிம்பைக் காகிதத்தில் மட்டும்தான் பார்த்திருந்தார். மாடி ஜன்னலிலிருந்து லூஷியஸ் இடது கையைத் தூக்கி, "கும்பிடறேன் மேடம், காப்பி குடிச்சிட்டுப் போங்க," என்றான்.

அவர் காருக்குப் போய், கதவைத் திறந்து வைத்துக்கொண்டே உட்கார்ந்து, மடியில் காகிதம் வைத்து எழுதினார். பிறகு வந்து வெர்டெலிடம் காட்டினார். மண் நகர்வினால் கீழ்த்தளச் சுவர் சிதைந்துவிட்டது, வீடு பட்டியலுக்கு இனித் தகுதி உடையதல்ல, நேரில் பார்த்தேன் என்று இருந்தது. கீழே கையெழுத்து.

"திங்கட்கிழமை காலையில தலைவர் கையெழுத்து வாங்கிடுவேன்," என்றார். "அந்த உளியைக் கண்ணுல படாத இடத்துல வைங்க."

திங்கட்கிழமை அவர் சொன்னபடியே நடந்தது. செவ்வாய் காலை ப்ரூவெட் ஏழு ஆட்களோடு வந்தார். ஓட்டைகளைப் பார்த்து, "என் ஆளுங்க இவ்வளவு நேரா உடைக்க மாட்டானுங்க சிஸ்டர்," என்று மட்டும் சொன்னார். பிறகு தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார். "உள்ள ஆள் இருக்கற வீட்டை நான் தூக்க மாட்டேன்."

வெர்டெல் மேலே போனாள். லூஷியஸ் அவளைப் பார்த்தான். அவள் கைகளைப் பார்த்தான். பத்து விரலிலும் துணி சுற்றியிருந்தது.

"நீ இடிச்ச," என்றான்.

"ஆமா."

"கவுன்ட்டி விடுதிதானே?"

அவள் பொய் சொல்ல நினைத்தாள். வாய் வரவில்லை. "வீடு புது மனையில நின்னு படி வெச்சதும் கூட்டிட்டு வந்துடுவேன். மூணு வாரம், அதிகமா போனா நாலு. தினம் வருவேன். நானே துணி மாத்துவேன், நானே ஊட்டுவேன். யாரையும் தொட விட மாட்டேன்."

அவன் நெடுநேரம் ஆற்றைப் பார்த்தான். "சரி, எலிக்காரி," என்றான். "தூக்கச் சொல்லு."

சபையின் நான்கு பேர் அவனை நாற்காலியோடு இறக்கி விடுதிக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு நாள் ஜாக்கி ஏறியது. வியாழன் மதியம், இரும்பு உத்தரங்களின் மேல் மரவீடு சுவரை விட்டு இரண்டு அடி உயர்ந்து, லாரி தெருப்பக்கம் பின்னோக்கி வந்து நின்ற நேரத்தில், ஆற்றுப் பக்கத் தரை ஒரு பெருமூச்சு மாதிரிச் சத்தத்தோடு இறங்கியது. முன்தாழ்வாரமும் ஆறு ஒல்லிக் கால்களும் வெளிப்படியும் முன்சுவர்ச் செங்கலும் ஒன்றாகப் போயின. வீடு உத்தரத்தின் மேல் ஒரு முறை ஆடியது. ப்ரூவெட் கத்தவில்லை. கையை மட்டும் காட்டினார். லாரி இழுத்தது. மரம் முனகியது. முன்பக்கம் பிய்ந்து, கூடம் திறந்து கிடக்க, மேஜையும் கட்டிலும் வெளியே தெரிய, வீடு விளிம்பிலிருந்து தெருவுக்கு வந்தது. யாருக்கும் அடிபடவில்லை. சாயங்காலத்துக்குள் ஆர்ச்சர்ட் தெரு மனையில் மரக்கட்டை அடுக்குகளின் மேல், ஆள் உயரத்தில் நின்றது.

அங்கேதான் நின்றுவிட்டது. புது மனைக்கு அஸ்திவாரம் போட இன்னொரு அனுமதி, சாக்கடை இணைப்புக்கு இன்னொன்று. மூன்று வாரம் ஆறு வாரம் ஆனது. வெர்டெல் தினமும் இரண்டு பஸ் மாறி விடுதிக்குப் போனாள். காலையில் போய், பார்வை நேரம் முடியும் வரை இருப்பாள். சொன்னபடி அவளே ஊட்டினாள், அவளே துடைத்தாள். ஆனால் ராத்திரி முழுக்க அவன் அவர்களிடம்தான் இருந்தான். விடுதி ஜன்னல் கார் நிறுத்துமிடத்தைப் பார்த்து இருந்தது. அவன் அதைப் பார்க்க மறுத்துச் சுவர்ப்பக்கம் படுத்தான். பேச்சு குறைந்தது. முதுகில் புண் வந்தது. ஐந்தாவது வாரம் ஒரு நாள், "இன்னிக்கு எந்தப் படகு போச்சு?" என்று கேட்டான். அவள் பஸ்ஸில் வந்தவள். இருந்தாலும் ஒரு பெயரைச் சொன்னாள். அது எட்டு வருஷம் முன்பே உடைத்துப் போட்ட படகு என்று அவனுக்குத் தெரியும். தலையை மட்டும் ஆட்டினான்.

ஏழாவது வாரம், மே மாதக் கடைசித் திங்கள், அவள் பஸ்ஸில் இருந்தபோது இறந்துபோனான்.

சபையார் இறுதிச்சடங்கு மண்டபத்தில் வைக்கலாம் என்றார்கள். வெர்டெல் வீட்டுக்குத்தான் என்றாள். வீட்டுக்கு ஏறப் படியே இல்லையே என்று எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் அக்கரைக்குப் போன் செய்தாள். ப்ரூவெட் அன்று மதியமே பலகைகளோடு வந்து, தெருவிலிருந்து கூடத்து வாசல் வரை ஒரு சாய்தளம் அடித்துக் கொடுத்தார். ஆறு பேர் பெட்டியைத் தோளில் வைத்து அதன் மேல் ஏறினார்கள். பலகை வளைந்தது, தாங்கியது. பிய்ந்த முன்பக்கத்தில் சபைப் பெண்கள் கட்டியிருந்த வெள்ளைப் படுதா காற்றில் உப்பிக்கொண்டிருந்தது. கெளுத்தி வறுவலும் சோளரொட்டியும் கொண்டுவந்தவர்கள் அதே சாய்தளத்தில் ஏறி இறங்கினார்கள். மிஸஸ் கெச்சம் வந்து வாசலில் நின்றார், உள்ளே வரவில்லை. வெர்டெல் அவரைக் கூப்பிடவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை.

ஜூலையில் வீடு அஸ்திவாரத்தில் இறங்கியது. முன்பக்கத்தை மூடிய ப்ரூவெட், "கொஞ்சம் மரம் மிச்சம் இருக்கு, தாழ்வாரம் ஒண்ணு போட்டுத் தரவா சிஸ்டர்?" என்று கேட்டார். வேண்டாம் என்றாள். மூன்று படி மட்டும் கட்டச் சொன்னாள். எதிரே இன்னொரு வீட்டுக்காரரின் கார் கொட்டகைதான் இருந்தது.

அவள் அந்த வீட்டில் இன்னும் பதினோரு வருஷம் இருந்தாள். வழக்கு எதுவும் வரவில்லை. மேட்டில் தடுப்புச் சுவரை அடுத்த கோடையில் நீட்டினார்கள், அவள் வீடு இருந்த இடத்தைத் தாண்டி அறுபது அடி வரை. சுவர் நன்றாக நின்றது. விரல் தடம் பதிந்த அந்த ஒரு கல் மட்டும் அவள் சமையலறை மேஜையில், கதவுக்கு முட்டுக் கொடுக்கக்கூட எடுக்கப்படாமல், இருந்தது. யாராவது அதைப் பற்றிக் கேட்டால், பேச்சை மாற்றிச் சாப்பிட ஏதாவது எடுத்து வைப்பாள்.